காலைல எக்சர்சைஸ் பண்ற பழக்கம் எப்படிங்க ஒட்டும்? அலாரம் வெச்சு அலுத்துப்போச்சு

குரோம்பேட்டை_பாலா:
வணக்கம் மக்களே. எனக்கு வயசு 38, வெயிட் 82 கிலோ, ஓஎம்ஆர்ல ஐடி வேலை. ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கற செக்கப்ல இந்த தடவை எச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகரை காட்டற ரத்த டெஸ்ட், 6.1னு வந்து நிக்குது. டாக்டர்கிட்ட காட்டினா, இன்னும் சுகர்னு சொல்ற அளவு வரல, பார்டர்ல இருக்கு, இப்பவே மாத்திரை வேணாம், தினமும் நடங்க, வெயிட்டை இறக்குங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுப்போம்னு அனுப்பிட்டார். எங்க அப்பாவுக்கு சுகர், பெரியப்பாவுக்கு சுகர்ல கால் விரலையே எடுத்தாங்க, அதனால வீட்ல எல்லாருக்கும் பயம் புடிச்சிருச்சு.

பிரச்சனை என்னன்னா எழுந்திரிக்கறது. கம்பெனி பஸ் 7.20க்கு வந்துரும், சாயங்காலம் வீடு வந்து சேர எட்டரை, அப்புறம் பையன் ஹோம்வொர்க், சாப்பாடு, எல்லாம் முடிச்சா பத்து. காலைய விட்டா நேரமே கிடையாது. 5 மணிக்கு அலாரம் வெக்கறேன், அடிக்குது, அணைக்கறேன், வீட்டுக்காரம்மா எழுப்பினா "அஞ்சு நிமிஷம்"ங்கறேன், அப்புறம் ஆறரைக்கு அலறி அடிச்சுக்கிட்டு ஓடறேன். எப்பவாவது வேகம் வந்து ஆரம்பிச்சா கொஞ்ச நாள் நல்லா போகும், நடுவுல ஒரு கல்யாணம், ஒரு ஜுரம், இல்ல ரெண்டு நாள் மழை, அதோட சரி. வருஷக்கணக்கா விடாம பண்றவங்க எப்படித்தான் பண்றீங்கன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. மோட்டிவேஷன் வீடியோ மட்டும் அனுப்பாதீங்க, அதெல்லாம் படுத்துக்கிட்டே பாத்து முடிச்சாச்சு.

மொக்கைமன்னன்:
தல நீங்களாவது போன்ல அலாரம் வெக்கறீங்க, நான் ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அதுல அலாரம் வெச்சு, அதையும் தூக்கத்துலயே கழட்டி தலகாணிக்கு அடில சொருகிட்டு தூங்கற ஆளு. எங்கிட்ட இருந்து ஒரே ஒரு டிப்ஸ்தான், ஜிம்முக்கு வருஷ பேக்கேஜ்னு மொத்தமா பணம் கட்டிராதீங்க. ஜனவரில வர்ற கூட்டம் பொங்கல் லீவு முடிஞ்சா பாதி காணாம போயிரும், அந்த தைரியத்துலதான் அவங்க அந்த பேக்கேஜே போடறாங்க. எல்லாரும் தினமும் வந்தா டிரெட்மில்லுக்கு டோக்கன்தான் குடுக்கணும்.

பாளையங்கோட்டை_பெரியவர்:
தம்பி பாலா, எனக்கு 68 வயசு, தபால் துறைல இருந்து ரிட்டயர்டு ஆனவன். நாலரைக்கு எழுந்திரிச்சிருவேன். பல்லை விளக்கி, ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு நேரா வ.உ.சி. மைதானம். நடந்துட்டு வந்து வீட்டு மாடில தண்டால் கொஞ்சம், பஸ்கி கொஞ்சம். சின்ன வயசுல கர்லாக்கட்டையே சுத்தினவங்க நாங்க. இதுல ரகசியம்னு ஒண்ணும் கிடையாது, மனசுல உறுதி வேணும், அவ்வளவுதான். உங்க ஆட்களுக்கு செல்போனை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்க தெம்பு இருக்கு, காலைல எழ தெம்பு இல்ல. கோவிச்சுக்காதீங்க, என் மகனுக்கும் இதையேதான் சொல்லுதேன், அவனும் கேக்கறதில்ல. 2023ல அரசாங்கமே மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் ரூட் போட்டு "நடப்போம் நலம் பெறுவோம்"னு ஆரம்பிச்சு வெச்சாங்க. ரோடும் ரெடி, காலும் ரெடி, நடக்கறதுக்கு ஆள்தான் இல்ல.

ராஜி_திருச்சி:
ஐயா வணக்கம், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரே ஒரு கேள்வி. நீங்க மைதானத்துக்கு போயிட்டு வர்ற நேரத்துல வீட்ல பால் காய்ச்சறது யாரு, காபி போடறது யாரு?

எனக்கு 41 வயசு, ஸ்கூல் டீச்சர். நானும் 5 மணிக்கு எழுந்திரிக்கறவதான், ஒரு நாள் தவறினதில்ல, உறுதிக்கு ஒரு குறைச்சலும் இல்ல. எழுந்த உடனே தண்ணி மோட்டார், வாசல் தெளிச்சு கோலம், மாமியாருக்கு சுடுதண்ணி, புள்ளைங்களுக்கு ரெண்டு டிபன் பாக்ஸ், வீட்டுக்காரருக்கு மதிய சாப்பாடு, ஏழே முக்காலுக்கு நான் பஸ் ஸ்டாப்ல நிக்கணும். இதுல எங்க போய் நடக்கறது? டிவில உக்காந்துக்கிட்டு "உங்களுக்குன்னு தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்"னு டாக்டருங்க சொல்லும்போதெல்லாம் எனக்கு சிரிப்புதான் வரும். பாலா, உங்க வீட்டுக்காரம்மா எத்தனை மணிக்கு எழுந்திரிக்கறாங்கன்னு கேட்டு சொல்லுங்களேன்.

குரோம்பேட்டை_பாலா:
அஞ்சேகாலுக்கு எழுந்துருவாங்க அக்கா. கேட்டதுக்கு "எதுக்கு திடீர்னு இந்த விசாரணை"ன்னு ஒரு பார்வை. பக்கத்துல நின்னு இந்த இழையை படிச்சவங்க உங்க பேரை பாத்து வெச்சிருக்காங்க.

கோவை_பிசியோ:
பாலா, நான் கோயமுத்தூர்ல பிசியோதெரபிஸ்ட்டுங்க. ரேஸ்கோர்ஸ்ல காலைல வேகமா நடக்கறவங்க எல்லாம் சாயங்காலம் மெதுவா நடந்து எங்கிட்ட வர்றவங்கதான், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

முதல்ல உங்க பயத்துக்கு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் பிரிடயாபட்டிஸ், 6.5 வந்தாத்தான் சுகர்னு சொல்லுவாங்க. நம்ம நாட்டுல 10.1 கோடி பேருக்கு சுகர், 13.6 கோடி பேர் உங்க நிலைமைலன்னு ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட ஆராய்ச்சி 2023ல சொல்லுச்சு, ஆக துணைக்கு ஆள் நிறைய இருக்காங்க. இந்த கட்டத்துல நடைக்கு நிஜமாவே பவர் உண்டு. சென்னைல டாக்டர் ஏ. ராமச்சந்திரன் டீம் 531 பேரை மூணு வருஷம் பாத்து 2006ல வெளியிட்டாங்க, தினமும் அரை மணி நேரம் வேகமான நடை, கூடவே சாப்பாட்டு மாத்தம், இது ரெண்டுலயே சுகரா மாறுற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் 26.4தான். அமெரிக்கால 2002ல வந்த பெரிய ஆராய்ச்சில வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சி, 7 சதவீதம் எடை குறைப்புன்னு இலக்கு வெச்சாங்க, அங்க 58 சதவீதமே குறைஞ்சது. உங்க 82 கிலோவுக்கு 7 சதவீதம்னா ஆறு கிலோகூட வராதுங்க.

இப்ப எழுந்திரிக்கற விஷயத்துக்கு வர்றேன். போறதா வேணாமாங்கற முடிவை நீங்க காலைல அஞ்சு மணிக்கு எடுக்கறீங்க, தகராறே அங்கதான். தூங்கி எழுந்த முதல் கால் மணி, அரை மணி நேரம் மூளை முழுசா தெளியாது. அந்த நேரத்துல கேட்டா யாரா இருந்தாலும் வேணாம்னுதான் பதில் வரும், பெரியவர் ஐயா சொல்ற உறுதி எல்லாம் அப்ப தூங்கிட்டு இருக்கும். முந்தின நாளே எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன பண்ணப்போறேன்னு பேப்பர்ல எழுதிருங்க. இதுவும் சும்மா சொல்லல, இங்கிலாந்துல காலேஜ் பசங்ககிட்ட பாத்து 2002ல வெளியிட்டாங்க, அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை 20 நிமிஷம் எக்சர்சைஸ் பண்ணணும், அவ்வளவுதான் வேலை. உடற்பயிற்சி பண்ணலைன்னா இதய நோய் வரும்னு பயமுறுத்தி நோட்டீஸ் குடுத்த கூட்டத்துல 35 சதவீதம்தான் பண்ணாங்க, ஒண்ணுமே சொல்லாத கூட்டத்துல 38. அதே நோட்டீஸோட எப்போ எங்கன்னு எழுத வெச்சாங்களே, அந்த கூட்டத்துல 91 சதவீதம் பண்ணிட்டாங்க. பயமுறுத்தல் மட்டும் இருந்தா எந்த லட்சணம்னு பாத்துக்கோங்க.

அடுத்தது அளவு. ஆரம்பத்துல 10 நிமிஷம் போதும். ஷூ மாட்டி, கீழ இறங்கி, பத்து நிமிஷம் நடந்துட்டு வந்துருங்க. முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடினா ரெண்டாவது, மூணாவது நாள் தொடை புடிச்சுக்கும், மாடிப்படில பக்கவாட்டுல இறங்குவீங்க, நாலாவது நாள் யார் எழுந்திரிப்பா.

அப்புறம் எழுந்த உடனே குனிஞ்சு கால் விரலை தொடறது, வயித்துக்கு சிட்அப் எடுக்கறது வேணாங்க. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பு நடுவுல இருக்கற டிஸ்க் நீர் இழுத்து உப்பியிருக்கும், காலைல முதுகு விறைப்பா இருக்கறது அதனாலதான். முதல் ஒரு மணி நேரம் ரொம்ப குனியாம இருந்தா முதுகு வலிக்காரங்களுக்கு நல்லது. நடை, கை சுத்தறது, இதெல்லாம் தாராளமா பண்ணலாம்.

நைட்ஷிப்ட்_நாகு:
எல்லாரும் காலை காலைன்னே பேசறீங்க, எனக்கு ஒரு ஆதங்கம். நான் யுஎஸ் ஷிப்ட், சாயங்காலம் ஆறரைல இருந்து ராத்திரி மூணரை, கேப்ல வந்து படுக்க அஞ்சு. பாலா அலாரத்தை அணைக்கற நேரத்துலதான் நான் பல்லு விளக்கிட்டு படுக்கப் போறேன். ஊர்ல போனா "மதியம் 12 வரைக்கும் தூங்கறான், சோம்பேறி"ன்னு பேரு. பிரம்ம முகூர்த்தத்துல எழுந்தாத்தான் உடம்பு கேக்கும்னு வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் நிஜமா? எனக்கெல்லாம் விமோசனமே கிடையாதா?

கோவை_பிசியோ:
@நாகு கண்டிப்பா இருக்குங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல குடுத்த கணக்கு, வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, இல்ல 75ல இருந்து 150 நிமிஷம் கடுமையான பயிற்சி, ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. இதுல காலைங்கற வார்த்தையே கிடையாது. காலைக்கு இருக்கற ஒரே பெரிய லாபம் அந்த நேரத்துல போன் வராது, மேனேஜர் கூப்பிடமாட்டார், விருந்தாளி வரமாட்டாங்க, அதனால தள்ளிப்போக காரணம் கம்மி. உங்களுக்கு எழுந்த உடனே மத்தியானம் ஒரு மணின்னா அதுதான் உங்க காலை. வெயில்ல போகாதீங்க, வீட்டுக்குள்ளயே பண்ணுங்க. தூக்கத்தை வெட்டிட்டு மட்டும் பண்ணாதீங்க, ஷிப்ட் ஆளுங்களுக்கு தூக்கம்தான் முதல் மருந்து.

இன்னொண்ணு, சுகர் பார்டர்ல இருக்கறவங்களுக்கு சாப்பிட்ட பிறகு பத்து பதினஞ்சு நிமிஷம் நடக்கறது ரொம்ப நல்லது, சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் ஏறுற ஏத்தத்தை அது தணிக்கும். ஆபீஸ் கேன்டீன்ல சாப்பிட்டு உடனே லிப்ட் ஏறாம கட்டடத்தை ஒரு சுத்து சுத்திட்டு ஏறுங்க. பாலாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அம்பத்தூர்_சேகர்:
பிசியோ சார் சொல்றது சரி, ஆனா ஒரு விஷயம் விட்டுட்டார், வெறும் வயித்துல பண்ணாத்தான் கொழுப்பு கரையும். எங்க ஜிம் மாஸ்டர் ஒரு வாய் காபிகூட குடிக்க விடமாட்டார். சாப்பிட்டு பண்ணா சாப்பிட்டதைத்தான் எரிக்கும், தொப்பை அப்படியேதான் இருக்கும்.

கோவை_பிசியோ:
@சேகர் அந்த அரை மணி நேரத்துல கொழுப்பு கொஞ்சம் கூடுதலா எரியறது உண்மைதான், ஆனா சாப்பாட்டு அளவு ஒண்ணா இருந்தா வாரக்கணக்குல பாக்கும்போது வெறும் வயித்துல பண்ணவங்களுக்கும் சாப்பிட்டு பண்ணவங்களுக்கும் எடைல பெருசா வித்தியாசம் வரல. தனக்கு எது தோதோ அதை பண்ணலாம். ஆனா ஒரு கூட்டம் மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். இன்சுலின் போடறவங்க, கிளிமிபிரைட் மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடறவங்க வெறும் வயித்துல வேகமா நடந்தா சுகர் இறங்கி மயக்கம் வரும். நடக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட்ல 100க்கு கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பணும், பாக்கெட்ல குளுக்கோஸ் பொட்டலம் இல்ல ரெண்டு மிட்டாய் இருக்கணும். பாலா, நீங்க மாத்திரை எடுக்கல, பிரச்சனை இல்ல, உங்க அப்பாவை கூட கூட்டிட்டு போறதா இருந்தா அவர் டாக்டர்கிட்ட இதை கேட்டுக்கோங்க. நெஞ்சுல அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவுற வலி, வழக்கத்துக்கு மீறின மூச்சு வாங்கல் வந்தா அது எக்சர்சைஸ் பழக்கம் இல்லாததாலன்னு நினைச்சு தொடர்ந்து நடக்கக்கூடாது, நேரா ஆஸ்பத்திரி.

வேகம் எவ்வளவுன்னு கேப்பாங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம், வாட்ச் எதுவும் வேணாம்.

குரோம்பேட்டை_பாலா:
ரொம்ப நன்றி சார். பத்து நிமிஷம்னு சொன்ன உடனே கொஞ்சம் தைரியம் வருது. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, 21 நாள் தொடர்ந்து பண்ணா பழக்கம் ஆயிரும்னு எல்லாரும் சொல்றாங்க, நடுவுல விட்டா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணுமா? இன்னொண்ணு, எங்க தெருவுல அஞ்சு மணிக்கு நாய் கூட்டம். மூணு தெரு தாண்டினா மெயின்ரோடு, அதுக்குள்ள பின்னாடியே வந்துரும். வீட்டுக்காரம்மாவும் வர்றேங்கறாங்க, இருட்டுல அவங்களை கூட்டிட்டு போக யோசனையா இருக்கு.

கோவை_பிசியோ:
21 நாள் கதையை ஆரம்பிச்சு வெச்சது மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், 1960ல. ஆபரேஷன் பண்ண முகம் கண்ணாடில பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினார், அது ஊர் சுத்தி வரும்போது "குறைஞ்சது" விழுந்துருச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சு பாத்தாங்க, 2010ல வந்துச்சு. ஒரு பழக்கம் யோசிக்காம தானா நடக்க சராசரி 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும். தினமும் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கற பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கிச்சு, எக்சர்சைஸுக்கு அதைவிட ஒண்ணரை மடங்கு நாள் ஆச்சு. உங்க ரெண்டாவது கேள்விக்கு அதுலயே பதில் இருக்கு, நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. ஒண்ணுல இருந்து எண்ண வேணாம். கல்யாணத்துக்கு போனா போயிட்டு வந்து மறுநாள் பண்ணுங்க, அதுக்காக மொத்தமா மூட்டை கட்டாதீங்க.

வேளச்சேரி_வித்யா:
நாய்க்கு நான் பதில் சொல்றேன், இதுல எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம். ஓடாதீங்க, ஓடினா துரத்தும். குச்சியை ஓங்கவும் வேணாம். நின்னு, கண்ணை பாக்காம, மெதுவா ஓரமா நகருங்க. அதைவிட சுலபம், நேரத்தை மாத்துங்க. ஜூன் மாசம் சென்னைல ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் வந்துரும், ஜனவரில ஆறரை தாண்டிருது. வருஷம் முழுக்க ஒரே அஞ்சு மணின்னு வெச்சா மார்கழில இருட்டுல தடவிக்கிட்டுத்தான் போகணும். நான் விடிஞ்ச பிறகுதான் ரோட்டுக்கு, இருட்டா இருந்தா மொட்டைமாடி. எங்க அபார்ட்மென்ட் மாடில தண்ணி டேங்கை சுத்தி எட்டு போட்டு நடப்பேன், கீழ் வீட்டு மாமி "மேல என்னம்மா ஊர்வலம்"னு கேப்பாங்க. செருப்போட நடந்தா சத்தம் வரும், ஷூ போடுங்க. படிக்கட்டையும் கணக்குல சேருங்க, அதுக்கு மேல ஒரு எக்சர்சைஸ் கிடையாது.

பூங்கா பக்கத்துல இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா எல்லாம் காலைல திருவிழாதான், பெண்கள் தனியா நடக்க பயமே இல்ல. புறநகர்ல அந்த வசதி எங்க இருக்கு. பாதில பிளாட்பாரமே கிடையாது, இருந்தா அதுல டிரான்ஸ்பார்மர் நிக்கும். இதையும் மனுஷனோட சோம்பேறித்தனம்னு எழுதிடறாங்க. போகி அன்னைக்கு மட்டும் வெளில போகாதீங்க, டயர் புகைல நடக்கறதுக்கு வீட்ல படுத்திருக்கறது ஆரோக்கியம்.

ஷார்ஜா_சலீம்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சென்னைக்காரங்க வெயிலை பத்தி பேசும்போது எனக்கு பொறாமையா இருக்கு. இங்க ஜூலைல காலைல அஞ்சு மணிக்கே 30 டிகிரிக்கு மேல, காத்துல ஈரம் வேற, ரெண்டு நிமிஷத்துல சட்டை புழியலாம். நான் பஜ்ர் தொழுகைக்கு எப்படியும் எழுந்துருவேன், முன்னாடி எல்லாம் தொழுதுட்டு வந்து மறுபடி படுப்பேன். இப்ப பள்ளில இருந்து ரூமுக்கு நேரா வராம சுத்துப்பாதைல வர்றேன், கோடைல மட்டும் பில்டிங் படிக்கட்டு. புதுசா அலாரம் எதுவும் வெக்கல, ஏற்கனவே எழுந்திரிக்கற ஒரு காரியத்தோட வாலை பிடிச்சு போறேன். பாலா அண்ணே, நீங்க தினமும் தவறாம பண்ற காரியம் ஏதாவது இருக்கும்ல, பால் வாங்கப்போறது, பையனை எழுப்பறது, அதுக்கு பின்னாடி சொருகுங்க.

மொக்கைமன்னன்:
நான் தினமும் தவறாம பண்றது போன் நோண்டறது மட்டும்தான். அதுக்கு பின்னாடி எதை சொருகறது.

கோவை_பிசியோ:
@மொக்கை போனை ஹால்ல சார்ஜ் போடுங்க, அலாரம் அங்கதான் அடிக்கணும். எழுந்து பத்தடி நடந்தாச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது. ஆனா ராத்திரி சீக்கிரம் படுக்காம காலைல எழ எந்த வித்தையும் உதவாது. பாலா, நீங்க எத்தனை மணிக்கு தூங்கறீங்க, சாயங்காலம் காபி எப்போ குடிக்கறீங்க?

குரோம்பேட்டை_பாலா:
தூங்க பன்னெண்டு ஆயிரும் சார். பத்து மணிக்கு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் "நமக்குன்னு" கொஞ்ச நேரம்னு கிரிக்கெட் ஹைலைட்ஸ், ரீல்ஸ்னு போகும். கடைசி காபி ஆபீஸ்ல ஏழு மணிக்கு.

கோவை_பிசியோ:
பன்னெண்டுக்கு படுத்து அஞ்சுக்கு எழுந்தா அஞ்சு மணி நேரம். அலாரத்தை அணைக்கறது சோம்பேறித்தனம் இல்லீங்க, உடம்பு பாக்கி வசூல் பண்ணுது. ஏழு மணி காபியோட காஃபின் பாதி பன்னெண்டு மணிக்கும் உடம்புல இருக்கும், ஏன்னா பாதி இறங்கவே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். காபியை நாலு மணியோட நிறுத்துங்க. தூங்கற நேரத்தை ஒரேயடியா பத்துக்கு கொண்டு வராதீங்க, வாரத்துக்கு கால் மணி, கால் மணியா முன்னாடி இழுங்க. அதுவரைக்கும் காலைல அஞ்சேமுக்காலுக்கு எழுந்தா போதும், பத்து நிமிஷம்தானே.

ராஜி_திருச்சி:
இப்பத்தான் சார் சரியான இடத்துக்கு வந்தீங்க. ராத்திரி மாவு ஆட்டி வெக்காம காலைல தோசை கேட்டா எப்படி வரும்?

எங்க வீட்டு ஏற்பாட்டை சொல்றேன், யாருக்காவது உதவலாம். எங்க வீட்டுக்காரருக்கு தோசை வார்க்க தெரியாது, "நான் ஊத்தினா பிச்சுக்கும்"னு வருஷக்கணக்கா அதையே சொல்லி தப்பிச்சிட்டு இருந்தார். நான் பிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். திங்கள், புதன், வெள்ளி காலை அடுப்படி அவர் பொறுப்பு. காய் நான் ராத்திரியே நறுக்கி வெச்சிருவேன், சட்னிக்கு பதிலா பொடி. மாமியார் முதல்ல முகத்தை தூக்கினாங்க, இப்ப புள்ளை கைல காபி வாங்கி குடிக்கறதுல ஒரு பெருமை. அந்த மூணு நாள் நான் எங்க தெருவுலயே நடக்கறேன், செவ்வாய் வியாழன் கிடையவே கிடையாது, அதுக்காக நான் அழுவறதும் இல்ல. இதுக்கு எனக்கு புதுசா உறுதி எங்க இருந்து வந்துச்சு? யாரும் குடுக்கல, அரை மணி நேரம் கைல கிடைச்சது, அவ்வளவுதான். பொம்பளைங்க உடற்பயிற்சி பண்றதில்லைன்னு கவலைப்படற டாக்டருங்க அவங்க வீட்டு ஆம்பளைங்களை கூப்பிட்டு தோசைக்கரண்டியை குடுக்கட்டும்.

பாளையங்கோட்டை_பெரியவர்:
அம்மா ராஜி, உங்க கேள்விக்கு பதில் சொல்லாம ஓடிட்டேன்னு நினைச்சிராதீங்க. காபி என் வீட்டம்மாதான் போடுவா, மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா நான் திரும்பி வரும்போதுதான் பால் வாங்கிட்டு வருவேன், அதனால நான் போகாட்டி வீட்ல யாருக்கும் காபி கிடையாது. அதோட மைதானத்துல எங்க செட்டு ஆறு பேர், நடந்து முடிச்சு கேட்டுக்கு எதிர்ல டீக்கடைல உக்காந்து பேப்பரை பங்கு போட்டு படிப்போம். ஒரு நாள் போகலைன்னா எட்டு மணிக்குள்ள போன் வந்துரும், "என்ன ஓய், இருக்கீரா"ன்னு. எங்க வயசுல அந்த கேள்விக்கு உண்மையான அர்த்தமே வேற.

கோவை_பிசியோ:
ஐயா, இதைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன். உங்களை எழுப்பறது மன உறுதி மட்டும் இல்லீங்க, பால் பாக்கெட்டும் அந்த ஆறு பேரும்தான். தம்பிகளுக்கு உறுதியை சொன்னீங்க, டீக்கடையை சொல்லாம விட்டுட்டீங்களே.

பாளையங்கோட்டை_பெரியவர்:
டீக்கடைக்கு போறதுக்கும் உறுதி வேணும்வே. நாலரைக்கு யார் எழுந்திரிக்கா?

அம்பத்தூர்_சேகர்:
சரி 10 நிமிஷம் 10 நிமிஷம்னு எல்லாரும் சொல்றீங்க, 10,000 ஸ்டெப்ஸ் கணக்கு என்ன ஆச்சு? என் வாட்ச் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல திட்டிக்கிட்டே இருக்கு.

வேளச்சேரி_வித்யா:
அது ஜப்பான்ல டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச அடுத்த வருஷம், 1965ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டற ஸ்டெப் மீட்டர் விக்கறதுக்கு வெச்ச பேரு சேகர், மான்போ-கே, பத்தாயிரம் அடி மீட்டர்னு. டாக்டர் எழுதி குடுத்த அளவு இல்ல, விளம்பரக்காரங்க எழுதினது. நடந்தா நல்லதுதான், ஆனா 7,000 நடந்த அன்னைக்கு குற்ற உணர்ச்சியோட படுக்காதீங்க. ஹால்ல சோபாவை சுத்தி சுத்தி வாட்ச்சை சமாதானப்படுத்தற ஆளுங்களை எனக்கு நேர்ல தெரியும்.

குரோம்பேட்டை_பாலா:
சரி, எல்லாரும் சொன்னதை வெச்சு நானும் வீட்டுக்காரம்மாவும் உக்காந்து பேப்பர்ல எழுதிருக்கோம், கரெக்டான்னு சொல்லுங்க. வார நாள்ல அஞ்சேமுக்காலுக்கு எழுந்து, பால் நான்தான் வாங்கப்போறேன், பக்கத்து கடைல இல்லாம ஸ்டேஷன் ரோடு கடைல. போயிட்டு வந்தா பத்து பன்னெண்டு நிமிஷம் ஆகும். மழை பெஞ்சா மாடிப்படி. செவ்வாய், வியாழன் டிபன் பாக்ஸ் என் தலைல, அன்னைக்கு பால் வாங்கப்போறது அவங்க, எனக்கு ஆபீஸ்ல சாப்பிட்ட பிறகு நடை. சனி, ஞாயிறு விடிஞ்ச பிறகு ரெண்டு பேரும் சேந்து நிதானமா நடக்கறது. போன் ஹால்ல. காபி நாலு மணியோட சரி. டிபன் பாக்ஸ்ல என்ன வெக்கறதுன்னு தெரியல, பையன் "லெமன் ரைஸ் மட்டும் வேணாம்பா"ங்கறான்.

கோவை_பிசியோ:
அருமைங்க. ஒண்ணு மட்டும் சேருங்க, வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை. சுவத்துல கை வெச்சு தண்டால், நாற்காலில உக்காந்து எழுந்திரிக்கறது, அவ்வளவே போதும் ஆரம்பத்துக்கு. நடையை மாசம் போகப்போக 30 நிமிஷத்துக்கு கொண்டு வந்துருங்க, 10 நிமிஷத்துலயே நின்னுட்டா எச்பிஏ1சி இறங்காது. டெஸ்ட் ரிசல்ட் வந்த பிறகு இங்க போடுங்க.

ராஜி_திருச்சி:
சார் எனக்கும் ஒண்ணு. சமதரைல நடந்தா ஒண்ணும் இல்ல, ஸ்கூல்ல ரெண்டாவது மாடி ஏறினா வலது முட்டி முன்பக்கம் வலிக்குது. நடக்கறதை நிறுத்தணுமா?

கோவை_பிசியோ:
நிறுத்த வேணாங்க. வீக்கம், முட்டி லாக் ஆகறது, ராத்திரி தூங்க விடாத வலி, இதுல எது இருந்தாலும் நேர்ல காட்டுங்க. இது எதுவும் இல்லைன்னா பெரும்பாலும் தொடை முன்பக்க தசை பலம் இல்லாததுதான். உயரமான நாற்காலில உக்காந்து, கையை ஊணாம மெதுவா எழுந்து, அதைவிட மெதுவா உக்காருங்க, பத்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. அப்புறம் படுத்துக்கிட்டு ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை நேரா ஒரு அடி தூக்கி அஞ்சு எண்ணி இறக்குங்க. ஆறு வாரமாவது பண்ணணும், நாலு நாள்ல தெரியாது.

ராஜி_திருச்சி:
நாற்காலி எக்சர்சைஸை அடுப்படில குக்கர் வெச்சிட்டு பண்ணலாமா?

கோவை_பிசியோ:
தாராளமா. மூணு விசிலுக்குள்ள ரெண்டு செட்டு முடிஞ்சிரும்.